தூக்கிய கைகள்

தன் பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் அடிப்பவன் கொண்டாடக் கூடாது; இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தி, மன்னித்துவிடுங்கள் என்பதுபோல் நிற்க வேண்டும். கால்பந்தில் அது யாரும் எழுதிவைக்காத மரியாதை. குரோஷியாவின் கடற்கரை ஊரொன்றில் பிறந்த இவிட்சா, பதினேழு வருடங்களில் ஆறு நாடுகள், பதினோரு கிளப்புகள் என்று ஆடித் தீர்த்துவிட்டதால், அடித்த கோல்களில் பாதிக்கு இப்படிக் கை தூக்கியவன். முதல் தடவை தூக்கியது சொந்த ஊர் கிளப்புக்கு எதிராக. அங்கே மைதானத்துப் புல்லைப் பராமரித்துவந்த அப்பா, கோட்டோரம் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் அவனோடு பேசவில்லை. பேசாமலேயே போய்ச் சேர்ந்தார்.

இன்று சென்னையில் அவன் கோல் அடித்தது, ஒருநாளும் ஆடியிராத அணிக்கு எதிராக. ஆனாலும் கைகள் தாமாக உயர்ந்துவிட்டன. கேலரியில் தலை நரைத்த ஒருவர் எழுந்து நின்று ஏதோ கத்தினார்.

ஆட்டம் முடிந்ததும், மைதான ஓரத்தில் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மசாஜ்காரர் அடைக்கலத்திடம், இரண்டு வருடத்தில் பழகிய அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"அந்த ஆள் என்ன சொன்னார்?"

"அவரா? 'விட்றா கண்ணு, போனது போகட்டும், நாங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்கல'ன்னாரு. சும்மா கலாய்ச்சாருண்ணா."

இவிட்சா ஒற்றை பூட்ஸோடு எழுந்துவிட்டான்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, அடைக்கலம்."

கேலரி காலியாகியிருந்தது. கீழே ஒருவர் மட்டும் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பாமலே.