ஈர மணல்

பெட்டியிலிருந்து கடைசியாக வெளியே வந்தது மனிதக் கால்.

அதுவரை மேசையில் சிறுத்தை, மான், கரடி, காட்டுப்பன்றி என்று தடங்கள் பரப்பிக் கிடந்தன. எல்லாம் மாவுக்கட்டு போடுகிற வெள்ளைப் பொடியில் வார்த்தவை. தேசியப் பூங்காவிலிருந்து பள்ளிகளுக்கு இந்தப் பெட்டியைச் சுமந்து வந்து பாடம் நடத்தும் இளைஞன், ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தான்.

"இது எங்க கிடங்குல கெடச்சது. எந்த மிருகம், சொல்லுங்க பார்ப்போம்."

"மனுஷன்" என்று வகுப்பே கத்தியது.

"ஆமா. காட்டுக்குள்ள இதைவிட ஆபத்தானது ஒண்ணுமில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். விருந்தினராக வந்திருந்த தாத்தா பாட்டிகளும் சிரித்தார்கள். அவர்கள் நடுவே, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த வார்டன் சிரிக்கவில்லை.

தேசியப் பூங்காவின் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் ஊருக்கு அவர் வார்டன்தான். அந்தப் பூங்காவில் அவர் கிழித்த கோட்டை யாரும் தாண்டியதில்லை. எவரிடமும் கை நீட்டாதவர் என்று பெயர்.

அந்தத் தடத்தை வார்த்தவர் அவர்.

ஓடைக்கரைச் சேற்றில், தோலுரித்துப் போட்டிருந்த பெண் சிறுத்தையின் பக்கத்தில் அது பதிந்திருந்தது. இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டிப் பிறந்த கால். வார்ப்புக் குழம்பை ஊற்றும் முன்பே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வனக்காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் ஊற்றத்தான் வேண்டியிருந்தது.

அவர் வீட்டு ரத்தத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் கால். அவருக்கு, அப்போது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகனுக்கு, இப்போது பேத்திக்கு.

வார்ப்பு பொடிந்துவிட்டது என்று மேலிடத்துக்குச் சொன்னார். உண்மையில் உடைக்கக் கை வரவில்லை. சாட்சியை அழிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று பட்டது. சாக்கில் சுற்றிக் கிடங்கு அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டார்.

வழக்குக்கு ஆள் தேவைப்பட்டது. காட்டோரம் விறகு பொறுக்குகிறவன் ஒருவன் இருந்தான். சிறைக்குள்ளேயே செத்தும் போனான்.

மகன் இன்று நீதிபதி.

"இப்ப நம்ம தடம்" என்று இளைஞன் ஈர மணல் பரப்பிய தட்டுகளைத் தரையில் வைத்தான். "எல்லாரும் ஷூவைக் கழட்டி, ஒரு காலை மட்டும் அழுத்தி வைங்க. வார்த்து வீட்டுக்குக் குடுத்து விடுறேன்."

வார்டன் பேத்தியைக் கண்ணாலேயே அழைத்தார்.

"நீ கழட்ட வேணாம்."

"ஏன் தாத்தா?"

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க நாலு பேர் முன்னாடி வெறுங்காலோட நிக்க மாட்டாங்க."

"ஏன்டி, உன் காலுக்குத் தங்கமுலாம் பூசியிருக்கா?" என்றாள் அவளுடைய தோழி. சிறுமியின் முகம் சுண்டிப்போனது.

வகுப்பாசிரியை பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த வீட்டு மிடுக்கு அப்படி" என்று முணுமுணுத்தாள். வார்டன் காதில் விழுந்தது. மிடுக்கு என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று ஆசுவாசப்பட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை அவரைப் பேச அழைத்தாள். அழைத்தால் மறுத்துப் பழக்கமில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"தடம் பொய் சொல்லாது பிள்ளைங்களா. மனுஷன்தான் சொல்லுவான்."

அடுத்த வாக்கியத்தின் நடுவே பேச்சு நின்றது. ஜன்னலோரத் தட்டின் முன்னால் பேத்தி. ஒரு ஷூ தனியே கவிழ்ந்து கிடந்தது. கால் மணலில் இருந்தது.

பெரியவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துத் தலைமை ஆசிரியை கை தட்டினாள். அறை முழுக்கத் தட்டியது.

அந்தக் கைதட்டலைக் கடந்து அவர் போய்ச் சேர்வதற்குள், இளைஞன் அந்தத் தட்டின் முன் மண்டியிட்டிருந்தான். யாரையும் கூப்பிடவில்லை. பதிந்த விரல்களைக் குனிந்து பார்த்தான். பிறகு வெள்ளைக் குழம்பை ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினான்.

"அதை அழிச்சிடு. பிள்ளை தெரியாம வச்சிடுச்சு."

"காயட்டும் சார். இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான் ஏறி எறங்காத பள்ளிக்கூடம் இல்ல. ஒரு பிள்ளைக்கும் கால் இப்படி விழல."

குரலில் சூடு இல்லை. வார்டன் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். அதுவரை சீருடையை மட்டுமே பார்த்திருந்தார்.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?"

"எங்கப்பாவை உங்களுக்குத் தெரியும் சார். நீங்கதான் வாசலுக்கே வந்து, கையைப் பிடிச்சு ஜீப்புல ஏத்துனீங்க. நான் அம்மா இடுப்புல இருந்தேனாம். சேத்துல பதிஞ்சது விரல் ஒட்டின காலுன்னு, அதைப் பார்த்த காவலர் ஒருத்தர் அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அப்பா கால் இப்படி இருக்காதுன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கேக்கத்தான் ஆளில்ல."

குழம்பு இறுக ஆரம்பித்திருந்தது.

அவன் சிறுமியின் பக்கம் திரும்பினான். கனிவாகத்தான் கேட்டான்.

"பாப்பா யாரு பிள்ளை?"

திட்டு விழும் என்று பயந்து நின்றவளுக்கு இந்தக் கேள்வி பெரிய ஆறுதலாக இருந்தது. விரல்களில் மணல் ஒட்டியிருக்க, வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தபடி முதுகை நிமிர்த்தி, தாத்தா பெயரில் தொடங்கி அப்பா பெயரையும் பதவியையும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.