பத்து நாள் வெயில்

வாணி எட்டி உதைத்த உதையில் கிண்ணம் உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

கிண்ணத்தில் இருந்தது மண். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிற சைனைடு மண். தங்கத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு ஊருக்கு விட்டுவைத்த சக்கை.

அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, பதினொரு மணி வெயிலில் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பா முனிரத்தினம்.

எதற்கென்று அவள் கேட்கவில்லை. பார்த்ததுமே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் உதைத்தாள்.

“அம்மா மூஞ்சியில இதையா பூசப் போற? மூளை கீதாப்பா உனக்கு? வெசம்ப்பா அது!”

அவர் குனிந்து சாக்கடையிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. திறக்கட்டும், எல்லோரும் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

அம்மா மங்கம்மாவுக்குக் கன்னத்தில் புற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தாயிற்று. போன மாதம் பெங்களூரில் பெரிய டாக்டர் வாணியைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவருக்கு முழுசாக நாலு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லும்போதே அடுத்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாவியை அன்றைக்கு நாலு வார்த்தை கேட்காமல் வந்தது இன்னும் அவள் நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து இதையா சொல்ல முடியும்? அதனால் எலியைப் பற்றிச் சொன்னாள்.

தினமும் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிற வேலை அவளுக்கு. அங்கே கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். கட்டி வந்த எலிக்கு, கண்ணுக்கே தெரியாத தங்கத் துகளை ஊசியில் ஏற்றினார்கள். கட்டியின் மேல் லேசர் ஒளியைக் காட்டினார்கள். உள்ளே தங்கம் சூடேறிக் கட்டியை மட்டும் சுட்டது. பத்தே நாளில் கட்டி பொருக்குத் தட்டி உதிர்ந்துபோனது. சுற்றியிருந்த நல்ல சதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனுசங்களுக்கு எப்ப வரும் என்று அம்மா குழறிக் குழறிக் கேட்டாள். சீக்கிரம் வந்துடும்மா என்றாள் வாணி. குறைந்தது பத்து வருடம் என்று ஆராய்ச்சிக்கூடத்து மேடம் சொன்னதை முழுங்கிவிட்டாள்.

அதை இந்த மனிதர் இப்படிப் பிடித்துக்கொள்வார் என்று யார் கண்டது? தங்கம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதானே என்று கிளம்பிவிட்டார். இருபது வருடம் மேஸ்திரியாகச் சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர். சக்கை மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

“அது ஊசியில ஏத்துறதுப்பா! மண்ண அள்ளிப் பூசுறது இல்ல! அம்மா வெந்து போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

பூதக்கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் விடவில்லை. இழுத்த இழுப்பில் அவருடைய முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேலே ஏறியது.

கை நெடுக வட்ட வட்டமாகச் சூடு. சில காய்ந்து கறுத்திருந்தன. சில நீர் கோத்திருந்தன. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சற்று முன்தான் பட்டது. அதன்மேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

வாணி பூதக்கண்ணாடியை விட்டுவிட்டாள்.

“சொரங்கத்துல வெடி வெச்சு பிளாஸ்டிங் முடிஞ்சா மேஸ்திரிதான் மொதல்ல உள்ள போவான்,” என்றார் முனிரத்தினம். “அவன் பாத்துட்டு வந்து சொன்னாதான் ஆளுங்கள விடுவாங்க. உங்கம்மாவுக்கு நான் இன்னும் போடல. பத்து நாளா எனக்குதான்.”

சட்டைக்கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

“இது நல்ல சதையையும் சுடுதும்மா. அவளுக்கு வேணாம். ஆனா இது வேலைக்காகாதுன்னு அவகிட்ட சொல்ல என்னால முடியல. நீ சொல்லு.”

டாக்டர்மேல், அந்த மண்மேல், பத்து வருடத்தின்மேல் இருந்த கோபமெல்லாம் வாணிக்கு இப்போது தன் நாக்கின்மேலேயே திரும்பியது. சீக்கிரம் என்று சொன்ன நாக்கு அதுதான்.

உள்ளேயிருந்து நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

மங்கம்மா வந்தாள். குளித்திருந்தாள். கன்னத்துத் துணிக்கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள். இவ்வளவு நேரம் வாசலில் கத்தியதெல்லாம் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

நாற்காலியை வெயிலில் போட்டாள். இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல்களையும் மகளுக்குக் காட்டினாள். பிறகு, எனக்கும் பத்து நாள் என்பதுபோல, ஒரு விரலால் தன்னைத் தொட்டுக் காட்டினாள்.

சிதைந்த கன்னத்தை வெயிலுக்குத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.