முதல் நாற்காலி

முதல் நாற்காலி காலியாகவே இருந்தது.

ராணுவ மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கொடுக்கும் நாளன்று நாற்காலிகளை மதிப்பெண் வரிசைப்படிதான் போடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து, எந்தத் துறை வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்னவர் வாயை மூடுவதற்குள் அது எழுதப்பட்டுவிடும்.

அவன் இரண்டாவது நாற்காலியில் இருந்தான்.

இந்த வருடம் அறுவை சிகிச்சைக்கு ஒரே ஒரு இடம்.

அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம். முதல் வருடம் பிணத்தின் வயிற்றைத் திறந்த அன்றைக்கே முடிவானது அது. இடம் கிடைக்காதவர்கள் எல்லை முகாம்களில் காய்ச்சல் மாத்திரையும் கால் கொப்புளத்துக்குக் களிம்பும் கொடுத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். ஒப்புக்கு இன்னொரு துறையை எடுப்பதைவிட அதுவே மேல் என்று இருந்தவன் அவன்.

மூன்றாவது நாற்காலியில் ஒரு கடற்படைக்காரன். வேறு ஊர்க் கல்லூரி. காலையில்தான் வந்து இறங்கியவன், பையை இன்னும் கால்களுக்கிடையில் வைத்திருந்தான். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

“நீ எதுக்குப்பா வந்திருக்க?”

“சர்ஜரி.”

“நான் தோல். அரிக்குதுன்னு எவனும் தூக்கத்துல எழுப்ப மாட்டான் பாரு.” தானே சிரித்துக்கொண்டான். காலி நாற்காலியைத் தாடையால் காட்டினான். “ஃபர்ஸ்ட்டு எங்க?”

“வரல.”

“அப்புறமென்ன, உன் காட்டுல மழைதான்!”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சொந்தக் கல்லூரி ஆட்கள் யாரும் காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குட்மார்னிங்கைக்கூடத் தோள்பட்டைக்குச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

“எத்தனை மார்க் வித்தியாசம்?”

“ஒண்ணு.”

“அடப்பாவி, ஒரு மார்க்குலயா கோட்டைவிட்ட?”

ஐந்து வருடமும் அப்படித்தான். உடற்கூறியலில் ஒன்று, மருந்தியலில் அரை. அந்த முதல் நாற்காலிக்காரிக்கு அடுத்தபடியாக நிற்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. பிண மேசையில் அவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, “தள்ளு, நரம்ப அறுத்துத் தொலைச்சிடுவ” என்று முழங்கையால் இடித்து ஒதுக்கியவள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்ததும், “சர்ஜரி எனக்குத்தான். நீ போய் எலும்பு ஒட்டு” என்றவள்.

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

“ரொம்பக் கனவு காணாத,” என்றான் கடற்படைக்காரன். “கடைசி நிமிஷத்துல சொந்தக்காரங்க யாராவது வந்து நிப்பாங்க. எங்க சீனியர் ஒருத்தரு கப்பல்ல மாட்டிக்கிட்டாரு. அவரு கேட்டது எலும்பு. அவங்கப்பா வந்து எழுந்து நின்னு ‘கண்ணு’ன்னுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல.”

படையில் அந்த வழக்கம் உண்டு. இடம் கொடுக்கும் நாளில் யார் எந்த மலையில் கிடப்பார் என்று படைக்கே தெரியாது. வர முடியாதவருக்காக நெருங்கிய உறவு ஒருவர் வாய் திறக்கலாம். உறவு சொன்னால் சொன்னதுதான்.

கர்னல் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

“முதல் இடம்.”

மின்விசிறி சுற்றியது.

“முதல் இடம்.”

இரண்டாம் முறை கர்னலின் குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும்.

“இன்னும் ஒரு தடவதான்,” என்று கடற்படைக்காரன் அவன் தொடையில் தட்டினான்.

“முதல் இடத்துக்காகப் பேச யாராவது இருக்கீங்களா?”

அவன் எழுந்தான்.

கடற்படைக்காரன் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். “டேய், உன்னைய இல்ல. உக்காரு.”

“உறவு?” என்றார் கர்னல், மேசையைப் பார்த்தபடி.

“கணவன், சார்.”

சட்டையைப் பிடித்திருந்த கை விலகியது.

பயிற்சி முகாமுக்கு அவள் ஏறிப்போன ஆம்புலன்ஸ் மலை வளைவில் உருண்டபோது தேர்வு முடிவுகூட வரவில்லை. விபத்து விசாரணை இன்னும் நடக்கிறது. அது முடிந்து உத்தரவு வரும்வரை படையின் கணக்கில் அவள் இறந்தவள் இல்லை. வராதவள்.

வராதவளுக்கு இடம் உண்டு. அவன் ‘சர்ஜரி’ என்றால் அது அவள் பெயரில் ஏறும். வருடம் முழுக்க அவளுக்காகக் காத்திருக்கும். பிறகு யாருக்கும் இல்லாமல் போகும்.

யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் சர்ஜரி, மற்றவர் முனகக்கூடக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பேசியது கட்டிலில். பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்தைக்கூட அவள்தான் முந்திக்கொண்டு போட்டாள். ஜன்னலோர இருக்கை, கடைசித் துண்டு ரொட்டி, போர்வையின் பெரிய பாதி, எதையும் அவனுக்கு அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

“என்ன எடுக்குறாங்க?”

“அவங்களுக்கு எதுவும் வேணாமாம், சார்.”

கர்னல் எழுதினார்.

“இரண்டாம் இடம்.”

அவன் இன்னும் உட்காரவில்லை.