நெடுக்குக் கோடு ஸ்வெட்டர்

"மூச்சை இழுத்துப் பிடிங்க மாமா," என்றேன்.

சண்முகவேல் மாமா பிடித்தார். ஸ்வெட்டர் தொப்புளுக்கு நாலு விரல் மேலேயே நின்றுகொண்டது. அதற்கு மேல் இறங்க அதற்கு விருப்பமில்லை.

வெளியே நாற்பத்தொரு டிகிரி. அச்சங்குளம் பக்கம் பட்டாசு மருந்து கலக்குகிறவர்களே வெயிலுக்குப் பயந்து வேலையைக் காலையோடு முடித்துக்கொண்டார்கள். சிவகாசியில் எங்கள் மாமா மட்டும் கம்பளி போட்டிருந்தார்.

ஃபேன் போட முடியாது. தரையில் கொட்டிய பனி பறந்துவிடும். பனி என்றால் தெர்மாகோலைத் துருவியது. பின்னால் பனிமலை, போன வருடக் காலண்டரில் மிஞ்சிய கைலாயம். சிவபெருமான் படத்தில் விழாமல் இருக்க, பைண்டிங் ஆவுடைத்தாய் அக்காவை அவருக்கு நேராக நிறுத்தியிருந்தோம்.

மாமாவின் அச்சகத்துக்கு இப்படி ஓர் ஆர்டர் வந்ததே இல்லை. கொடைக்கானலில் கையால் ஸ்வெட்டர் பின்னி விற்கும் செல்வலட்சுமி மேடம், எந்த வயதுக்கு, எந்த உடம்புவாகுக்கு எதைப் போடலாம் என்று படத்தோடு ஒரு புத்தகம் அடிக்க வந்திருந்தார். மாடல் யாரும் வேண்டாம், பிரஸ்ஸில் இருக்கிறவர்களே போதும், ஓனர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

படம் எடுப்பதும் படத்துக்கு அடியில் எழுதுவதும் கல்லூரி லீவில் வந்த நான்.

பக்கத்துக் கடைக் குழந்தைக்குத் தோளில் பொத்தான், அப்போதுதான் தலை மாட்டாது. பிரஸ்ஸில் கணக்கு எழுதும் ஒல்லியான பிரீத்திக்குக் குறுக்குக் கோடும் தடித்த பின்னலும். ஆவுடைத்தாய் அக்காவுக்கு முன்பக்கம் திறப்பு, மூட்டுவலியோடு கையைத் தூக்க வேண்டியதில்லை.

'பருமனான ஆண்களுக்கு நெடுக்குக் கோடு' என்ற தலைப்பின் கீழ் மாமா.

நெடுக்குக் கோடு ஆளை ஒல்லியாகக் காட்டும் என்று மேடம் சொன்னதால்தான் மாமா அதற்குள் நுழைந்தார். அப்படி ஒரு படம் அவருக்கு வேண்டியிருந்தது.

பதினோரு பெண் வீடுகள் அவர் படத்தைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டன. அதனால் பன்னிரண்டாவது வீட்டுக்குப் படம் இல்லாமல் வெறும் பயோடேட்டா கொடுத்துவிட்டோம். அடித்தது நான்தான். தொண்ணூற்றெட்டுக் கிலோவை எண்பத்திரண்டு என்று அடித்தேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. எந்த ஊர், என்ன பேர் என்றுகூடத் தரகர் வாய் திறக்கவில்லை.

இதுவும் தட்டிப்போனால் இனிக் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று மாமா வீட்டில் சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்," என்றார் மேடம்.

மாமா பனியில் நடந்தார்.

திரும்பச் சொன்னார். திரும்பினார். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தார். எழுப்ப நானும் பிரீத்தியும் போனோம். துணி எப்படி இழுபடுகிறது என்று பார்க்கிறாராம்.

பிறகு காபி கேட்டார்.

பசை காய்ச்சும் அடுப்பில் மாமாவே காபி போட்டார், ஸ்வெட்டரோடு. வியர்வை கண்ணில் இறங்கியதால் தலையைக் குனிந்தபடி தட்டோடு வந்து நின்றார்.

மேடம் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மி," என்றார்.

மாமா மறுபடி போய்ச் சீனி எடுத்து வந்தார்.

கடைசியாகக் குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். அது ஒரு நிமிடம் மாமாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு நெடுக்குக் கோடு முழுவதும் நனையும்படி ஒன்றுக்கு இருந்தது.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். கோபப்பட மூன்று மணி நேரத்துக் காரணம் அவரிடம் சேர்ந்திருந்தது.

"விடுங்க, இன்னைக்கு மேல பட்ட மொதக் குளிர்ச்சியே இதான்," என்றார் மாமா.

மேடம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். இஞ்ச் டேப்பை எடுத்து மாமாவின் வயிற்றை ஒரு சுற்று அளந்தார். நம்பாமல் இன்னொரு சுற்றும் அளந்தார்.

"போதும் சார், கழட்டிருங்க."

கழற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

ஸ்வெட்டர்களை மடித்துப் பையில் வைப்பது என் வேலை. ஒவ்வொன்றின் கழுத்திலும் மேடம் கையால் எழுதிய ஒரு அட்டைத் துண்டு. 'வயது ஒன்று.' 'ஒல்லி, இருபது.' 'பெரியவர், மூட்டுவலி.'

ஈரமாக இருந்த கடைசி ஸ்வெட்டரின் அட்டையைத் திருப்பினேன்.

'உயரம் ஐந்து ஆறு. எடை எண்பத்திரண்டு. பூசம், கடகம்.'

நான் தலைநிமிர்ந்தேன். மேடம் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மட்டும் அளவு தப்பாப் போச்சு தம்பி," என்றார். "பரவாயில்ல. பிரிச்சு, இன்னும் ரெண்டு உருண்டை நூல் சேத்துப் பின்னிக்கிருவேன்."

பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

"பாத்துப் போயிட்டு வாங்க அத்தை," என்றேன்.

"ஏலே மாப்ள, கஸ்டமரைப் போயி அத்தைங்குறே?" மாமா உள்ளேயிருந்து பதறினார். "ஆர்டர் போயிரும்லே!"

மேடம் திருத்தவில்லை.

நான் ஃபேனைப் போட்டேன்.