முட்டி வலி

பள்ளிவாசலில் முதல் வரிசையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் அதில் உட்காரவில்லை. அது ஹஜ்ரத்துடையது.

அவர் வந்து உட்கார்ந்தார்.

இத்தனை வருடம் அவர் நின்று தொழ வைத்த இடத்தில் புது ஆலிம் நின்றார். இள வயசு. நல்ல குரல். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

வரிசை முழுவதும் சஜ்தாவுக்குப் போனது. நெற்றிகள் கம்பளத்தில் பதிந்தன. அவர் மட்டும் நாற்காலியில் இருந்தபடி லேசாகக் குனிந்தார்.

முட்டி இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

தொழுகை முடிந்ததும் பாங்கு சொல்லும் மோதினார் காசிம் பக்கத்தில் வந்தார்.

"மூத்திரக் கோளாறுக்கு லேசர் வச்சு நல்லாயிட்டீங்கள்ல ஹஜ்ரத்? முட்டிக்கும் இப்ப லேசர் வந்திருச்சாம். மதுரையில செய்றாங்களாம்."

"பாப்போம்" என்றார்.

பாவம், காசிமுக்கு என்ன தெரியும். வேட்டிக்குள் மடித்து வைத்திருந்த துணி நனைந்து கொண்டிருந்தது.

*

லேசர் வைப்பதற்கு முன்னாலேயே டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"புராஸ்டேட் ரொம்பப் பெருசா வீங்கியிருக்கு பாய். ரெண்டு வழி இருக்கு. ஆபரேஷன்னா கரண்டுக் கம்பிய விட்டுச் சுரண்டி எடுக்கிறது. ரத்தம் போகும். அதனால ரத்தம் உறையாம இருக்கப் போடுறீங்களே, அந்த மாத்திரைய நிறுத்தணும். நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு. அதான் எனக்கு யோசனை. லேசர்னா அந்தப் பயம் குறைவு."

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எதுல ஒழுகாது?"

"ரெண்டுலயும் கொஞ்ச நாள் ஒழுகும். லேசர்ல ஆரம்பத்துல கொஞ்சம் கூட இருக்கலாம். அப்புறம் அநேகமா எல்லாருக்கும் நின்னுரும்."

அநேகமா. அந்த ஒரு வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒழுகுகிறவன் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதிதாகக் கை கால் கழுவி ஒளு செய்து தனக்காகத் தொழுதுகொள்ளலாம். அல்லாஹ் அந்த அளவுக்கு இரக்கமுள்ளவன். ஆனால் முன்னால் நின்று மற்றவர்களுக்குத் தொழ வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"ஆபரேஷனே செஞ்சிருங்க" என்றார்.

அவர் மனைவி செய்னம்பு எந்த டாக்டர் முன்னாலும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"லேசரே வைங்க டாக்டர். இவரு தொழ வைக்காட்டி வேற ஆளு தொழ வைப்பாங்க. எனக்கு வேற ஆளு இல்ல."



லேசர் வைத்தார்கள். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அநேகமாக எல்லாருக்கும் நின்றது அவருக்கு நிற்கவில்லை.

*

மறுபடி பள்ளிவாசலுக்குப் போன முதல் நாள், காசிம் அவர் கையைப் பிடித்துத் தொழ வைக்க முன்னால் அழைத்தார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒழுகுது என்று எப்படிச் சொல்வது. கூச்சத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"முட்டி வளைய மாட்டேங்குது காசிம்."

அடுத்த வக்துக்கே நாற்காலி வந்துவிட்டது. ஊர் அவ்வளவு பிரியமாக இருந்தது.

அதில் உட்கார்ந்த பிறகுதான் தான் செய்துகொண்டது என்ன என்று அவருக்கு உறைத்தது. நல்ல முட்டியை வைத்துக்கொண்டு நாற்காலியில் தொழுதால் தொழுகை ஆகாது. அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். முன்னால் நிற்கும் இடம் போனது போதாதென்று நெற்றியைத் தரையில் வைக்கும் பாக்கியமும் போய்விட்டது. சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கவும் துணிச்சல் வரவில்லை. ஜமாஅத்தோடு நிற்காமல் வீட்டில் முடங்கவும் மனம் கேட்கவில்லை.

அதனால் ஒவ்வொரு வக்தும் இரண்டு தடவை தொழுதார். அங்கே ஊருக்காக. இங்கே, கதவைச் சாத்திக்கொண்டு.

*

இன்றைக்கும் மாலை அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். துணி மாற்றினார். கழுவிக்கொண்டார். ஒளு செய்து தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தார்.

கதவு திறந்தது.

செய்னம்பு தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். இன்னொரு முசல்லாவை அவருக்குப் பின்னால் விரித்தாள். அதன்மேல் நின்றாள்.

"நீ இன்னும் தொழுகலையா?"

"இல்ல."

"தனியாத் தொழு. என் பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

அவள் நகரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. லேசரே வைங்க என்று சொன்னதைப் பற்றி அவள் அதன் பிறகு பேசியதே இல்லை. அவரும் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. குத்திக் காட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றியது.

"நான் ஒருத்திதான நிக்கிறேன்" என்றாள். "ஆரம்பிங்க."

அவர் மேற்கே கிப்லாவைப் பார்த்துத் திரும்பினார். கைகள் இரண்டையும் காதுவரை தூக்கினார்.

தனக்கு மட்டும் என்றால் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரை வாய்க்குள் சொன்னால் போதும். பின்னால் நிற்பவருக்கும் சேர்த்து என்றால் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கை தூக்கியபடியே நின்றார்.

பின்னால் செய்னம்பு காத்திருந்தாள்.