ஒரு துண்டு பனங்கட்டி

"அம்மா, காலமை ஏதும் சாப்பிட்டனிங்களோ?"

பருத்தித்துறையில் அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வரும் எல்லாரிடமும் உதயகலா கேட்கிற கேள்விதான். சிவக்கொழுந்து அம்மாவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னட்டையே கேக்கிறாய் பிள்ளை? கந்தசட்டி விரதம் ஆறு நாளும் மிளகும் தண்ணியுமா இருக்கிறவள் நான். வெறும் வயிறுதான்!"

இந்த முறையும் இரத்தத்தில் சீனி கூடினால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயம் உள்ளே இருந்தாலும் கையை மிடுக்காகவே நீட்டினார். உதயகலா றப்பர் பட்டியைக் கட்டி, சாம்பல் மூடி போட்ட குழாயில் அவர் பெயரை ஒட்டினாள்.

அடுத்ததாக இரத்தம் கொடுக்க வந்திருந்த மருமகள் பிரசாந்தி பக்கத்துக் கதிரையில் நெளிந்தாள்.

"மிஸ்... நான் பிளேன்ரீ குடிச்சிட்டன். சீனி போடேல்லை. ஒரு துண்டு பனங்கட்டிதான் கடிச்சனான். பரவாயில்லையோ?"

"பனங்கட்டியும் சீனிதான்! றிப்போட்டிலை கூட்டித்தான் காட்டும். டொக்டர் அதை நம்பி, தேவையில்லாமல் ஊசியைத் தொடங்கிப்போடுவார். நாளைக்கு வெறும் வயித்தோடை வாங்கோ."

மாமி பிடித்தாரே ஒரு பிடி.

"ஒரு காலமைப் பசி பொறுக்கேலாதோ உனக்கு? நாலு பேருக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிறாய். உன்ரை வயசிலை நான் விரதத்தோடை தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சனான்!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிரசாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

உதயகலா ஊசியை எடுத்தாள். மாமி கையை இழுத்துக்கொண்டார்.

"கழட்டு பிள்ளை. உவள் நாளைக்குத் தனிய வருவாளே? நானும் நாளைக்கே குடுக்கிறன். எனக்கெண்டு வாய்ச்ச மருமகள், என்ன செய்யிறது!"

முணுமுணுத்தபடியே பஸ் வருகிறதா என்று பார்க்க வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் பிரசாந்தி எழும்பி மாமி இருந்த கதிரையில் வந்து இருந்தாள். சட்டைக் கையை மேலே மடித்தாள்.

"எனக்கு இப்பவே எடுங்கோ மிஸ்."

"என்ன விளையாட்டு இது? நீங்கள்தானே பனங்கட்டி கடிச்சதெண்டு..."

"நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணியைத் தவிர ஒண்டும் தொடேல்லை. குசினிக்குள்ளை பனங்கட்டி கடிச்சது மாமி, மிஸ். விரதகாரி எண்டு பேரெடுத்த மனிசி, அதை எப்பிடித் தன்ரை வாயாலை சொல்லுவா?"