காரணம் கேட்கும் கடை

புது போன் பெட்டியை வாங்குகிறவர் கையாலேயே பிரிக்க வைப்பது கடைக்காரர் காஜா மைதீனின் வழக்கம். செண்பகவல்லியும் அப்படித்தான் பிரித்தாள். புதுச் சட்டப்படி எல்லா போனிலும் இருக்கும் வடிகட்டி அதிலும் இருந்தது. ஆபாசமான சொல் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் திறக்காது. வயது வந்தவர் கேட்டால் கடைக்காரர் அதை நீக்கித் தரலாம்.

"இதை எடுத்துடுங்க பாய்," என்றாள். கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்குன்னு காரணம் சொல்லணும் மேடம்."

அவள் தாழ்த்தவில்லை. "அப்படிச் சட்டத்துல எங்க இருக்கு? காட்டுங்க, சொல்றேன்."

அவர் தன் போனில் சட்டத்தைத் தேடினார். சாம்பல் நிறத் திரை வந்தது: 'இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது.' விற்பனைக்கு வைத்திருந்த போன்களில் பார்த்தார். அவற்றிலும் அதே சாம்பல்.

"திறக்காது பாய். எந்தெந்த வார்த்தையைத் தடுக்கணும்னு சட்டத்தோட கடைசிப் பக்கத்துல அவங்களே எழுதி வெச்சிருக்காங்களாம்."

திரும்பிப் பார்த்தவர்கள் இப்போது தங்கள் போன்களில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

காஜா மைதீன் அவள் போனை வாங்கி, கடைக்குக் கொடுத்திருந்த ரகசிய எண்ணைப் போட்டார். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் நீட்டினார். "உங்க கையாலயே அழுத்துங்க."

அவள் அழுத்தினாள். அவர் தன் போனையும் எடுத்து, கண்ணாடி மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"சட்டத்தை முழுசா படிச்சுட்டுச் சொல்லுங்க மேடம். இதை எடுக்கறதுக்கு நான் யார்கிட்ட காரணம் சொல்லணும்?"